சரித்திரக் காதல் நாவல்களோடு ஒரு வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வருடம் முழுக்கத் தமிழ்ச் சரித்திர நாவல்களைப் படித்தேன், அதிலும் காதல் இழை பலமாக ஓடுகிற நாவல்களை மட்டும். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கதைகளின் முடிவுகளை மறைக்கவில்லை. சிவகாமியின் சபதமும் பொன்னியின் செல்வனும் இன்னும் படிக்காதவர்கள் அவற்றை முடித்துவிட்டு இதற்கு வந்தால் நல்லது.

சரித்திரக் காதல் நாவல் என்று எதையெல்லாம் கணக்கில் எடுத்தீர்கள்?

ஒரே ஒரு விதிதான். காதலை உருவிவிட்டால் கதை நிற்கக் கூடாது. போர், சதி, ஒற்றர், கோட்டை, சுரங்கப்பாதை எல்லாம் இருக்கலாம். ஆனால் அவை நடக்கக் காரணமாகவோ, அவற்றால் நொறுங்குவதாகவோ ஒரு காதல் இருக்க வேண்டும்.

இந்த விதி தமிழுக்கு மிகவும் பொருந்துகிறது. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று கருதப்படும் மோகனாங்கி 1895இல் வந்தது. எழுதியவர் திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப் பிள்ளை. மதுரை சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை இளவரசியையும் பற்றிய காதல் கதை அது. ஆக, நம்முடைய சரித்திர நாவல் பிறக்கும்போதே காதலோடுதான் பிறந்தது. உண்மைச் சரித்திரத்தில் அந்த இரண்டு நாயக்க அரசுகளின் உறவு படுகொடூரமாக முடிந்தது. தஞ்சையின் விஜயராகவ நாயக்கர் பெண் கொடுக்க மறுத்தார், சொக்கநாதர் படை எடுத்தார், 1673இல் தஞ்சை வீழ்ந்தது. அதே இரண்டு அரசுகளை வைத்துக் காதல் கதை எழுத ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆசிரியர் வரிசையில் படிக்காமல் கருப்பொருள் வாரியாக ஏன் படித்தீர்கள்?

ஆசிரியர் வரிசையில் படித்தால் நடைதான் மனதில் தங்கும். அரச பரம்பரை வரிசையில் படித்தால் போர்கள்தான் தங்கும். மாறுவேடக் காதல், எதிரி வீட்டுக் காதல், இரண்டு நாயகிகள், நிறைவேறாத காதல் என்று அடுக்கிப் படித்தபோது, வெவ்வேறு ஆசிரியர்கள் ஒரே சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. எல்லோருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு: ராஜா யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது ஏற்கெனவே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

கல்வெட்டில் காதல் உண்டா என்ன?

நேரடியாகக் காதல் என்று இருக்காது. தானம், நிலம், விளக்கு, ஆடு, பொன் ஆகியவற்றின் கணக்குதான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்குக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை என்று வரிசைப்படுத்துகிறார். தனக்கு அடுத்த இடம் அக்காவுக்கு. மனைவியர் அதற்குப் பிறகுதான். அந்த அக்கா குந்தவை, இன்னொரு இடத்தில் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். வந்தியதேவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு பெயர், ஒரு உறவு. அந்த ஒற்றை உறவிலிருந்துதான், பொன்னியின் செல்வனில் குடந்தை ஜோதிடர் வீட்டுக்குள் அத்துமீறி நுழையும் வாலிபனையும், அரிசிலாற்றங்கரையில் பஞ்சடைத்த முதலை மேல் வேலை எறிந்து அசடு வழிகிறவனையும் கல்கி உருவாக்கினார். ராஜ்யமே யாருடைய பேச்சைக் கேட்கிறதோ, அந்தப் பெண்ணின் முன்னால் அவன் முதலில் அசடாகத்தான் நிற்கிறான். காதல் அங்கே தொடங்குவதால்தான் குந்தவையும் நமக்கு நெருக்கமாகிறாள்.

என்னை உலுக்கிய இன்னொன்று திருவாரூரில் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரனின் அணுக்கியார், அதாவது அரசருக்கு நெருக்கமான பெண், பரவை நங்கை. பட்டத்தரசி அல்லர். திருவாரூர்க் கோயிலுக்குப் பொன்னையும் செம்பையும் வாரி வழங்கியவர். அங்கே அரசரும் அவரும் நின்ற இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். வென்ற நாடுகளைப் பட்டியல் போட்ட ஒரு பேரரசன், தானும் தனக்கு நெருக்கமானவளும் சேர்ந்து நின்ற தரைக்கு ஒரு விளக்கு வைக்கிறான். ஒரு வருடமாக நான் படித்த எத்தனையோ நிலாக்காட்சிகளைவிட இந்த ஒற்றைச் செய்தி காதலை அதிகம் சொல்கிறது.

நிறைவேறாத காதல்தான் இந்த நாவல்களில் ஏன் மனதில் நிற்கிறது?

இந்த ஒரு வருடத்தில் நான் கண்டுகொண்டதாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சரித்திர நாவலில் இரண்டு வகைப் பெண்கள் இருக்கிறார்கள். கல்வெட்டிலோ இலக்கியத்திலோ பெயர் உள்ளவர்கள் ஒரு வகை. ஆசிரியர் கற்பனையில் பிறந்தவர்கள் இன்னொரு வகை. பெயர் உள்ளவர்களுக்கு முடிவு ஏற்கெனவே எழுதியாயிற்று. யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்று தெரிந்துவிட்டது. கற்பனைப் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவள் கதைக்குள் எவ்வளவு பெரிய ஆளாக வளர்ந்தாலும், கடைசிப் பக்கத்துக்குள் சரித்திரத்திலிருந்து சுவடில்லாமல் விலகிவிட வேண்டும். சாக வேண்டும், துறக்க வேண்டும், அல்லது காணாமல் போக வேண்டும்.

சிவகாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 642இல் மாமல்லன் என்ற பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை அழித்தது சரித்திரம். படை நடத்திய பரஞ்சோதி பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர். நரசிம்மவர்மனுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவன் அவன் மகன், இரண்டாம் மகேந்திரவர்மன். அப்படியென்றால் மாமல்லனுக்கு ஒரு பட்டத்தரசி இருந்தே ஆக வேண்டும். சிற்பி ஆயனரும் நாட்டியம் ஆடும் அவர் மகள் சிவகாமியும் கல்கியின் கற்பனை. சிவகாமி வாதாபியில் சிறையிருந்து, அந்த நகரம் எரிந்த பிறகே வெளியே வருவேன் என்று சபதம் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். சபதம் நிறைவேறுகிறது. காஞ்சிக்குத் திரும்பிய பிறகு, வெற்றிக் கோலாகலத்தின் நடுவேதான், மாமல்லருக்கு மனைவியும் குழந்தைகளும் இருப்பதை அறிகிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாமல்லன் துரோகி என்று சொல்லவும் முடியவில்லை. அரசுக்கு வாரிசு வேண்டும் என்று சரித்திரமே அவனை நெருக்குகிறது. சிவகாமி ஏகாம்பரநாதரின் சந்நிதியில் தன்னை ஒப்புக்கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வாசல் இல்லை.

பொன்னியின் செல்வனில் இதே விஷயத்தை மூன்று பெண்களிடம் பார்க்கலாம். மந்தாகினி, சுந்தர சோழரைக் கொல்ல வந்த வேலைத் தான் வாங்கிக்கொண்டு இறக்கிறாள். மணிமேகலை வந்தியதேவன் மடியில் உயிர் விடுகிறாள். நந்தினி ஆதித்த கரிகாலன் கொலைக்குப் பிறகு களத்தைவிட்டே மறைகிறாள். கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். ராஜராஜனின் ஆட்சித் தொடக்கத்தில் அவர்களுடைய உறவினர்களின் சொத்துகளைப் பறித்த ஆணை அது. கொலையாளிகளாக அதில் சொல்லப்படுகிறவர்களில் எந்தப் பெண்ணும் இல்லை. நந்தினி அங்கே இருந்திருக்கவே முடியாது என்பதால்தான், கதையில் அவள் அவ்வளவு பயங்கரமாக, அவ்வளவு அழகாக இருக்க முடிந்தது. ஆசிரியருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது அவளிடம் மட்டும்தான்.

பூங்குழலி இதற்கு விதிவிலக்கு இல்லையா?

ஆமாம், விதிவிலக்குதான். கோடிக்கரையில் தனியாகப் படகு விடும் பெண். இரவில் சதுப்பு நிலத்தில் குப்குப்பென்று தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று வந்தியதேவனிடம் சொல்கிறாள். சதுப்பிலிருந்து கிளம்பும் வாயு எரிகிற வெளிச்சம் அது. கிடைக்கவே கிடைக்காத ஒருவனை மனதில் வைத்திருக்கிற பெண், தொட முடியாத நெருப்பைக் காதலன் என்கிறாள். அருமையான இடம்.

அவளை மட்டும் கல்கி சாகவிடவில்லை. சேந்தன் அமுதனுக்குக் கட்டி வைத்து, அந்த அமுதனையே உத்தம சோழனாக்கி, அவளை அரியணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். உத்தம சோழனுக்கு மனைவியர் பலர் என்பது கல்வெட்டுகளில் தெரிவதால் அவளை அங்கே சேர்த்துவிட இடம் இருந்தது. சாமர்த்தியமான தீர்வுதான். ஆனாலும் படகையும் கடலையும் விட்டு அரண்மனைக்குள் போகிற பூங்குழலியை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

நிஜ அரசிகளின் வாழ்க்கையில் சோகம் இல்லையா?

நிறைய இருக்கிறது. ஆசிரியர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள். சுந்தர சோழரின் அரசி வானவன் மாதேவி கணவனோடு உடன்கட்டை ஏறியவர். பால்குடிக்கும் குழந்தையைப் பிரிந்து தீயில் இறங்கினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. மகள் குந்தவை பிற்காலத்தில் தஞ்சைக் கோயிலில் தன் தாய்க்கும் தந்தைக்கும் படிமம் எடுத்து வைத்தார். தாயைத் தீயில் இழந்த மகள் பல வருடம் கழித்து அவளைச் செம்பில் வார்க்கச் சொல்கிறாள். இதை மையமாக வைத்து ஒரு நாவல் எழுதலாம். யாராவது எழுத வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

அரசியல் திருமணங்களை நாவல்கள் எப்படிக் காட்டுகின்றன?

பெரும்பாலும் ஒரே ஒரு பத்தியில். அதுதான் எனக்கு ஆதங்கம். ராஜராஜன் தன் மகளை, அவள் பெயரும் குந்தவைதான், வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தார். ராஜேந்திரனின் மகள் அம்மங்கை அதே வேங்கியின் ராஜராஜ நரேந்திரனை மணந்தார். அவர்களுடைய மகன், சோழ அரசர் இரண்டாம் ராஜேந்திரனின் மகளான மதுராந்தகியை மணந்து, 1070இல் சோழ அரியணையில் ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனார். மூன்று தலைமுறையாகப் பெண்களை அனுப்பியும் வாங்கியும் ஒரு பேரரசு தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. காவிரிக்கரையில் வளர்ந்து, வேற்று மொழி பேசும் கோதாவரிக்கரைக்குப் போன அம்மங்கைக்கு முதல் வருடம் எப்படி இருந்திருக்கும்? திருமணத்துக்குப் பிறகு மெல்ல முளைக்கிற அன்பும் காதல்தானே. நம் நாவல்கள் சந்திப்பிலும் பிரிவிலும் காட்டுகிற அக்கறையை இந்த வகைக் காதலில் காட்டுவதில்லை.

எதிரி வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் கதைகள் எப்படி?

இவற்றில் ஒரு ஆபத்து உண்டு. வென்ற நாட்டோடு சேர்த்துப் பெண்ணும் கிடைத்தாள் என்ற தொனி சுலபமாக வந்துவிடும். அப்படி எழுதப்பட்டவற்றைப் பாதியில் விட்டுவிட்டேன்.

அகிலனின் வேங்கையின் மைந்தன் இந்த வகையில் கவனமானது. 1963க்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். பாண்டியர்கள் இலங்கையில் ஒப்படைத்து வைத்திருந்த மணிமுடியை ராஜேந்திரன் மீட்டது, அரசரின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியில் வரும் செய்தி. அந்தப் போரின் நடுவே கொடும்பாளூர் இளங்கோவுக்கும் ஈழத்து இளவரசி ரோகிணிக்கும் இடையே காதல் வருகிறது. அவள் தந்தையின் நாடும் அவன் கடமையும் எதிரெதிர். யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி அவர்களுடைய ஒவ்வொரு பேச்சிலும் நிற்கிறது. காதலியிடம் அன்பாகப் பேசும்போதே அவளிடமிருந்து எதையோ மறைக்க வேண்டியிருக்கிறது. எதிரி வீட்டுக் காதல் என்றால் இந்த உறுத்தல் இருக்க வேண்டும்.

மாறுவேடம் சலிக்கவில்லையா?

சில நாவல்களில் சலித்தது. ஒட்டுத்தாடி வைத்தவுடன் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? ஆனால் காதலுக்கு மாறுவேடம் அவசியம். அரச குலத்து ஆணும் பெண்ணும் பதவியை ஓரமாக வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்க வேறு வழி இல்லை. பார்த்திபன் கனவில் விக்கிரமன் நாடு கடத்தப்பட்டு, ரத்தின வியாபாரியாகத் திரும்பி வருகிறான். நோயில் விழுந்த அவனைப் பார்த்துக்கொள்பவள், தன் தந்தையின் எதிரியான அவனை வியாபாரி என்று நினைத்தே பழகும் பல்லவ இளவரசி குந்தவி. அந்த வேடம் இல்லாவிட்டால் அவர்கள் பேசியிருக்கவே முடியாது.

இரண்டு நாயகிகள் வரும் நாவல்களைப் பற்றி?

சாண்டில்யனைத்தான் கேட்கிறீர்கள். யவன ராணியில் இளஞ்செழியனுக்குப் பூவழகியும் ராணியும். கடல் புறாவில் கருணாகரனுக்குக் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும். அரசர்களுக்குப் பல மனைவியர் இருந்தது உண்மை. அதனால் இதைச் சரித்திரப் பிழை என்று தள்ள முடியாது. என் குறை வேறு. நாயகன் இரண்டு பேரிடமும் தனித்தனியாக எவ்வளவோ பேசுகிறான். அந்த இரண்டு பெண்களும் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசும் இடங்கள் போதவில்லை.

ராஜராஜனின் தேவியர் ஒவ்வொருவரும் கோயில்களுக்குத் தனித்தனியாகக் கொடை தந்திருக்கிறார்கள். தந்திசக்தி விடங்கியான லோகமாதேவி திருவையாற்றில் ஒரு கோயிலே எடுத்திருக்கிறார். சொந்தப் பொருளும் செல்வாக்கும் உள்ள பெண்கள் ஒரே அரண்மனையில் இருந்தால் எவ்வளவு பேச்சு இருந்திருக்கும்!

வர்ணனைகள் அதிகம் என்று சொல்கிறார்களே?

அதிகம்தான். சாண்டில்யனிடம் நாயகி அறிமுகமானால் சில பக்கங்கள் கதை நகராது. கலிங்கத்துப்பரணியில் பெண்களைக் கதவு திறக்கச் சொல்லிப் பாடும் கடை திறப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. போர்க்காவியத்தின் வாசலிலேயே சிருங்காரத்தை வைத்தவர் ஜெயங்கொண்டார். அப்புறம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாண்டில்யனின் நாயகிகள் கப்பல், படை வியூகம், அரசியல் எல்லாம் தெரிந்தவர்கள். வர்ணனையைத் தாண்டிப் போனால் அவர்களுடைய மூளை தெரியும். தாண்டத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சங்க அகப்பாடல்களுக்கும் இந்த நாவல்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் முரணான தொடர்பு. அகத்திணையில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சொல்லிவிட்டால் அது புறம். நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்து தூக்கமில்லாமல் கிடக்கிற அரசி வருகிறாள். போர்ப் பாசறையில் நள்ளிரவில், வாடைக்காற்றில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிற அரசன் வருகிறான். அசல் அகப்பாட்டு. ஆனால் அவனுக்கு முன்னால் நடப்பவன் கையிலிருக்கும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு தழைக்காக இதைப் புறம் என்று சொன்னவர்கள் உண்டு.

சரித்திரக் காதல் நாவல் இந்த விதியை வேண்டுமென்றே மீறுகிறது. பெயர் சொல்கிறது, ஊர் சொல்கிறது, குலம் சொல்கிறது. அதனாலேயே அதில் வரும் காதல் ஒருபோதும் இருவருக்குள் மட்டும் நிற்பதில்லை.

இவ்வளவு நீளம் தேவையா?

வாரப் பத்திரிகைத் தொடராக வந்தவை இவை. பொன்னியின் செல்வன் 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்தது, மணியம் ஓவியங்களோடு. வாசகர்கள் வாரம் முழுக்கக் காத்திருந்து படித்த கதையை நாம் ஒரே மூச்சில் படிக்கும்போது, திரும்பத் திரும்ப நினைவூட்டும் பகுதிகள் கண்ணை உறுத்தும். ஒரு நாளைக்கு நாலைந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் காத்திருப்பின் சுவையும் கொஞ்சம் கிடைக்கும்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

பார்த்திபன் கனவு. அளவான நாவல், காதலும் மகிழ்ச்சியாக முடிகிறது. அடுத்தது சிவகாமியின் சபதம். கதை நடக்கும் காலம் முந்தியது, ஆனால் கல்கி அதைப் பின்னால்தான் எழுதினார். அந்த வரிசையிலேயே படியுங்கள். பார்த்திபன் கனவில் கம்பீரமான பேரரசராக வரும் நரசிம்மவர்மர், இளமையில் எதை இழந்துவிட்டு அங்கே வந்து நிற்கிறார் என்பது இரண்டாவது நாவலில்தான் தெரியும். பிறகு பொன்னியின் செல்வன், அதற்கப்புறம் வேங்கையின் மைந்தன், கடல் புறா. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொன்னியின் செல்வனை முடித்த கையோடு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குந்தவையின் கொடைகளைப் பற்றிய பகுதியைத் தேடி எடுத்து, அவர் கொடுத்த நகைகளின் பட்டியலையாவது ஒருமுறை வாசித்துவிடுங்கள்.